நிறுத்தக் கூடாத என்ஜின்

தலைவர் வீட்டு வாசல் கதவு திறந்தே கிடந்தது. அப்படிக் கிடக்கிற வீடு இல்லை அது. மணியடித்து, யாரென்று சொல்லி, வந்த காரியத்தை விளக்கி, ஐந்து நிமிஷம் நின்ற பிறகு, உள்ளேயிருந்து "யாரது?" என்று முதலிலிருந்து ஆரம்பிப்பதுதான் அந்த வீட்டு முறை. பதின்மூன்று வருஷமாக அப்படித்தான்.

காலையில் போனில் பேசியதும் அவர் பாணியில் இல்லை. "கருவிப்பெட்டியோட வாங்க தம்பி. உடனே." அவ்வளவுதான். முன்னுரை இல்லை, முடிவுரை இல்லை, நடுவில் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் போனைக் காதிலிருந்து எடுத்து, அவர் எண்தானா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

அவர் தலைவராக இருக்கும் எங்கள் பொம்மை ரயில் சங்கத்தில் உறுப்பினர்கள் ஏழு பேர், பதவிகள் ஒன்பது. வேலை செய்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் தலைவரின் மனைவி, எனக்கு அக்கா மாதிரி; இன்னொருவர் நான். அக்கா ரயில் பாதை போடுவார், மலை செய்வார், மரம் நடுவார், கூட்ட அறிக்கை எழுதுவார். என் வேலை பொம்மை என்ஜின்களுக்குள் டிகோடர் பொருத்துவது. மற்றவர்கள் பாராட்டிப் பேசுவார்கள்.

மத்தியானம் மூன்று மணி. வெளியே கண் கூசும் வெயில். உள்ளே எல்லா ஜன்னலையும் சாத்தி, திரையையும் இழுத்துவிட்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றும்போதே வாடை அடித்தது. சூடேறிய எண்ணெய். அதற்கடியில், கம்பிச் சுருள் மேல் பூசும் வார்னிஷ் மெதுவாகக் கருகும் இனிப்பு வாடை. அதற்கும் அடியில் ஆஸ்பத்திரி மருந்து நெடி.

அப்புறம் அந்தச் சத்தம்.

மெல்லிசாக, ஒரே சுருதியில், வாயை மூடிக்கொண்டு யாரோ முனகுவது மாதிரி. மற்றவர்கள் கேட்டிருந்தால் பயந்திருப்பார்கள். எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஏனென்றால் அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும்.

பழைய முறையில் தண்டவாளத்தில் மின்சாரத்தைக் கூட்டினால் என்ஜின் ஓடும், குறைத்தால் நிற்கும். டிஜிட்டலில் அப்படியில்லை. தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் பாய்ந்துகொண்டே இருக்கும். கட்டுப்பாட்டுப் பெட்டி, பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுப்பது மாதிரி, எண்ணைச் சொல்லிக் கூப்பிடும். அந்த எண் கொண்ட டிகோடர், நகத்தளவு சில்லு, என்ஜினுக்குள் உட்கார்ந்து அதைக் கேட்டு மோட்டாரை ஓட்டும். டிகோடர் இல்லாத பழைய என்ஜினை அந்தத் தண்டவாளத்தில் வைத்தால், மின்சாரம் அதன் மோட்டாரை விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை முன்னும் பின்னும் உலுக்கும். அது முனகும். சூடேறும். கடைசியில் கருகிப்போகும். சில பெட்டிகளில் அப்படிப்பட்ட என்ஜினையும் சைபர் என்ற எண்ணில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்க ஒரு வழி வைத்திருப்பார்கள். கையேட்டில் அந்தப் பக்கத்தை மன்னிப்புக் கேட்கிற தொனியில் எழுதியிருக்கும்.

கூடத்துக்குள் நுழைந்தேன். சுவரோடு சுவராக அந்தப் பிரம்மாண்ட மேசை. மலை, குகை, பாலம், ஸ்டேஷன். ஸ்டேஷன் மேல் பித்தளைத் தகடு: 'தலைவர் அவர்களின் சிந்தையில் உதித்த தடம்'. உதித்தது அவர் சிந்தையில், பசை ஒட்டியது அக்காவின் விரல்களில். தலைவரின் பதினோரு பளபள என்ஜின்களும் பக்கத் தடங்களில் அணிவகுத்து நின்றன. நடுப் பாதையில் ஒரே ஒரு குட்டிக் கறுப்பு என்ஜின் முனகிக்கொண்டே சுற்றி வந்தது.

அக்காவின் என்ஜின்.

கல்யாணத்துக்கு முன்னால், இருபத்திரண்டு வயதில், பித்தளைத் தகட்டை வெட்டி அவர் கையாலேயே செய்தது. அதில் டிகோடர் கிடையாது.

மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் தலைவர் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள்ளேயே கோட்டு போட்டுத் திரியும் மனுஷன், கசங்கிய பனியனில். முகம் பூரா வெள்ளை முள். வலது கட்டைவிரல் கட்டுப்பாட்டுப் பெட்டியின் குமிழ் மேல் ஒட்டிப்போனது மாதிரி இருந்தது. இடது கையில் எண்ணெய்க் குப்பி.

"எவ்வளவு நேரமா ஓடுது?" என்றேன்.

"ஒன்பது நாளா."

"என்ன தலைவரே, விளையாடுறீங்களா? ஒன்பது நிமிஷமே அதிகம்."

"நிறுத்தாம ஓடுது தம்பி. ஓடும்போதே எண்ணெய் விடுறேன். நேத்திலேர்ந்து வாடை வருது."

"வரத்தான் செய்யும். மோட்டார் வேகுது." நான் குனிந்து என்ஜினைத் தூக்கக் கை நீட்டினேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த பிடியில் எலும்பு நெரிந்தது.

"அத எடுத்தா அவ செத்துடுவா."

அக்கா விஷயம் எனக்குத் தெரியும். இரண்டு மாதம் முன்பு இதே கூடத்தில்தான் சங்கக் கூட்டம். தலைவர் எழுந்து, 'டிஜிட்டல் முறையோடு பொருந்தாத எந்த என்ஜினும் இனி இத்தடத்தில் ஏறலாகாது' என்று தீர்மானம் வாசித்தார். அக்கா மட்டும் எதிர்த்துக் கை தூக்கினார். "அதுக்குள்ள சில்லு வைக்க இடமில்லீங்க. அது பாட்டுக்கு ஒரு ஓரமா ஓடட்டுமே" என்றார். "ஒரு சங்கத்துக்கு ரெண்டு முறை இருக்க முடியாதும்மா" என்றார் தலைவர். ஆறு பேர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. அக்கா எழுந்து போய்த் தன் என்ஜினை எடுக்கக் குனிந்தார். "தலைய வலிக்குது" என்று யாருக்கென்று இல்லாமல் சொன்னார். நிமிரவில்லை.

மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் சில வாரம் வைத்திருந்து, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாடியில் படுக்கை, கூடவே ஒரு நர்ஸம்மா.

அன்று நான் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த என்ஜினின் நிலக்கரித் தொட்டிக்குள் பாரத்துக்காக ஒரு ஈயத் துண்டு வைத்திருந்தார் அக்கா. அதை எடுத்தால் டிகோடருக்கு இடம் கிடைக்கும். எனக்கு அது தெரியும். ஆனால் கூட்டம் சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது. கை தூக்கிவிட்டு டீக்காகக் காத்திருந்தேன்.

"தலைவரே, நீங்க தூங்கி எவ்வளவு நாளாச்சு?" என்றேன் இப்போது, குரலைத் தணித்து. பைத்தியத்திடம் பேசும் குரல்தான், மறைப்பானேன்.

"நம்ப மாட்டீங்க. நம்ப வேணாம். தொடாதீங்க, அது போதும்."

அவர் பிடி தளர்ந்தது. என் தொழில் புத்தி முந்திக்கொண்டது. ஒரு மோட்டார் கண்ணெதிரே வேகும்போது பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. படக்கென்று தூக்கிவிட்டேன்.

முனகல் நின்றது.

வீடு முழுக்க அப்படி ஒரு நிசப்தம்.

மாடியிலிருந்து நர்ஸம்மாவின் குரல் கிழித்துக்கொண்டு வந்தது. "ஐயா! மூச்சு நின்னுடுச்சு! ஐயா!"

தலைவர் என் கையிலிருந்து என்ஜினைப் பிடுங்கினார். அவசரத்தில் சக்கரம் பாதையில் உட்காராமல், ஒருமுறை, இருமுறை. மூன்றாம் முறை உட்கார்ந்தது. முனகல் எழுந்தது. என்ஜின் நகர்ந்தது.

"வந்துடுச்சு!" என்றது மாடி.

என் உள்ளங்கையில் கொப்புளம். அவ்வளவு சூடு.

மாடிக்குப் போனேன். அறையில் ஒரு மஞ்சள் விளக்கு. அக்கா பாதியாகிக் கிடந்தார். மார்பு ஏறி இறங்கியது. நாடி பிடிக்கும் நேரம் நின்று பார்த்தேன், அப்புறம்தான் புரிந்தது. கீழே என்ஜின் பாலத்தின் மேல் ஏறும்போது தண்டவாள இணைப்பில் 'டக் டக்' என்று ஒரு சத்தம் வரும். ஒவ்வொரு 'டக் டக்'குக்கும் அக்காவின் நெஞ்சு இரண்டு தடவை தூக்கிப்போட்டது.

நர்ஸம்மா ஐம்பது வயதுக் கட்டையான மனுஷி. கண்ணுக்குக் கீழே கருவளையம். ஒரு நோட்டை என் முன் நீட்டினார்.

"இந்த வரிய படிங்கண்ணே."

ஒன்பது நாளுக்கு முந்தைய தேதி. 'மாலை 4.10. உயிர் பிரிந்தது.' அதற்குக் கீழே, கோணல் எழுத்தில், '4.35. மூச்சு உள்ளது.'

"துணிய இழுத்து மூஞ்சிய மூடிட்டேன் அண்ணே. ஐயாகிட்டச் சொன்னேன். அழக்கூட இல்ல. கீழ போயி அம்மாவோட வண்டிய எடுத்து வச்சாரு. அது முனக ஆரம்பிச்சுது. நான் ஜன்னல் பக்கம் நின்னுட்டிருந்தேன். பின்னால துணி அசையுது."

"நீங்க பயந்து ஓடலையா?"

"எங்க ஓட? ஆள் உசிரோட இருக்கும்போது நர்ஸு விட்டுட்டுப் போகக் கூடாது. இவங்க உசிரோட இருக்காங்களா, இல்லையான்னு எனக்கே தெரியல. தெரியற வரைக்கும் இருக்கணுமில்ல?"

அக்காவின் கண் பாதி திறந்திருந்தது. கருவிழி என் பக்கம் திரும்பவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

கீழே வந்தேன். வாடை இன்னும் காட்டமாகியிருந்தது. பாலம் ஏறும்போது என்ஜின் ஒரு கணம் தயங்கியது, மேலே நர்ஸம்மாவின் "ஐயோ" கேட்டது, மறுபடி ஓடியது.

"எவ்வளவு நேரம் தாங்கும்?" என்றார் தலைவர்.

"ஒரு மணி நேரம். அதுவும் உறுதி இல்ல."

அவர் எழுந்து நின்றார். மேசையைப் பிடித்துக்கொண்டு, பழக்கதோஷத்தில், தொண்டையைச் செருமினார். "நம் சங்கம் எத்தனையோ நெருக்கடிகளை..." என்று ஆரம்பித்தவர், அப்படியே உடைந்து போய் என் காலருகே உட்கார்ந்தார். "டிகோடர் வச்சுடுங்க தம்பி. டிகோடர் வச்சா மோட்டார் சூடாகாது. வருஷக் கணக்கா ஓடும். நீங்கதானே சொல்லுவீங்க."

"வைக்கணும்னா ரெண்டு கம்பிய வெட்டணும். நாலு இடத்துல ஈயம் வச்சுப் பத்தவைக்கணும். அதுவரைக்கும் என்ஜினுக்கு மின்சாரம் கிடையாது."

"எவ்வளவு நேரம்?"

"எல்லாத்தையும் முன்கூட்டியே தயார் பண்ணிட்டா ஒன்றரை நிமிஷம்."

மாடிப்படியில் நின்றிருந்த நர்ஸம்மாவிடம் திரும்பி, ஒருத்தர் எவ்வளவு நேரம் மூச்சில்லாமல் தாங்குவார் என்று கேட்டேன்.

"ஒன்பது நாள் முன்னாடி போன உசிருக்கு நிமிஷக் கணக்கு கேக்குறீங்களே அண்ணே" என்றார். சிரிக்கவில்லை. "ஒன்றரையே வச்சுக்குங்க. கூட ஆக்காதீங்க."

ஆயத்தம் இருபது நிமிஷம் பிடித்தது. கம்பிகளை அளந்து வெட்டினேன், நுனியில் ஈயம் பூசினேன். டிகோடரைப் பிசின் நாடாவில் சுற்றினேன். ஈயம் உருக்கும் சூட்டுக்கோல் காய்ந்தது. நர்ஸம்மா மாடியிலிருந்து தலைவரின் போனுக்கு அழைத்தார், அதை ஸ்பீக்கரில் போட்டு வைத்தோம்.

"எடுக்குறேன்" என்றேன்.

முனகல் நின்றது.

"நின்னுடுச்சு" என்றது போன். "ஒண்ணு. ரெண்டு. மூணு."

மேல் கூட்டைக் கழற்றினேன். ஈயத் துண்டை நெம்பினேன். வரவில்லை.

"இருபத்தொண்ணு. இருபத்திரெண்டு."

வந்தது. முதல் கம்பியை வெட்டினேன். இரண்டாவது. சூட்டுக்கோல் நுனியில் புகை. ஒரு புள்ளி. இரண்டு.

"அம்பது. அண்ணே, உதடு நீலமாகுது."

மூன்று. நான்கு. டிகோடரைத் தொட்டிக்குள் அழுத்தினேன். கூட்டை மூட நேரமில்லை. அப்படியே தண்டவாளத்தில் வைத்தேன்.

"எழுபத்தெட்டு."

நகரவில்லை.

தலைவர் குமிழைத் திருகினார். கடைசி வரை திருகினார். என்ஜின் பொம்மையாக நின்றது.

"ஓடல தம்பி! ஓடல!"

அவர் பெட்டியைப் பார்த்தேன். சைபர். ஒன்பது நாளாக விரல் மரத்துப்போய் அவர் இன்னும் அக்கா ஓட்டும் சைபரையே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். டிகோடர் வைத்த என்ஜினுக்கு சைபர் கேட்காது. புது டிகோடர் எதுவானாலும் தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதன் எண் மூன்று. நாம்தான் வேறு எண் மாற்றிக்கொள்ள வேண்டும்.

"மூணு போடுங்க! மூணு!"

போட்டார். குமிழைத் திருகினார்.

பதினோரு பளபள என்ஜின்களும் ஒரே சமயத்தில் கிளம்பின.

டிஜிட்டல் ஆக்கிய புண்ணியவான், பதினொன்றையும் கடையில் டிகோடரோடவே வாங்கினார், திறப்பு விழா நடத்தினார், மலர் வெளியிட்டார், கையேட்டை மட்டும் பிரிக்கவில்லை. ஒரு என்ஜினுக்கும் எண் மாற்றவில்லை. எல்லாம் மூன்று. பக்கத் தடங்களிலிருந்து பாய்ந்து, திருப்பத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, குறுக்கே விழுந்தன. பொறி பறந்தது. பெட்டி 'பீப்' என்று கத்தி மொத்த மின்சாரத்தையும் துண்டித்தது.

"நூத்தி ரெண்டு" என்றது போன். "நூத்தி மூணு. அண்ணே... நான் நிறுத்திக்கவா?"

"எண்ணு!" என்று அலறினார் தலைவர். தன் பதினோரு என்ஜின்களையும் இரண்டு கையாலும் வாரினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்ணாடிப் பேழை, ஒரு சொற்பொழிவு வைத்திருந்தவர். வாரித் தரையில் எறிந்தார். காலில் மிதிபட்டு நொறுங்கின. நான் பெட்டியை மறுபடி உயிர்ப்பித்தேன். மூன்று. குமிழ்.

குட்டிக் கறுப்பு என்ஜின் நகர்ந்தது.

முனகல் இல்லை. வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி, சத்தமே இல்லாமல்.

போனில் வெறும் இரைச்சல். பிறகு நர்ஸம்மாவின் மூச்சு. பிறகு, அதற்குப் பின்னால், இன்னொரு மூச்சு. நீளமாக, இழுத்து.

"வந்துடுச்சு" என்றார் நர்ஸம்மா. சந்தோஷமே இல்லாத குரல்.

தலைவர் தேம்பித் தேம்பி அழுதார். என்ஜின் சுற்றி வந்தது. தொட்டுப் பார்த்தேன், சூடு இறங்கியிருந்தது. ஒரு யோசனை வந்து குமிழை மெதுவாகக் குறைத்தேன். என்ஜின் நின்றது. போனில் மூச்சு நிற்கவில்லை. ஒருமுறை ஓடிவிட்ட பிறகு, டிகோடருக்கு மின்சாரம் போய்க்கொண்டிருந்தால் போதும் போலிருந்தது.

"தூங்கலாம் தலைவரே" என்றேன். "இனி ஓட வேண்டியதே இல்ல. மின்சாரம் இருந்தா போதும்."

அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் அன்று வாய் திறக்காத பாவம் கழிந்தது என்று நினைத்தேன். அத்தோடு கருவிப்பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும்.

ஆனால் மூன்றாம் எண் ஆபத்து. நாளைக்கு யாராவது இன்னொரு என்ஜினை வைத்தால் மறுபடி இதே கூத்து. எண்ணை மாற்றிவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். தொழில் சுத்தம். அதற்கென்று மேசை ஓரத்தில் ஒரு தனித் தடம் இருந்தது. அந்தப் பெட்டி ஒசத்தியானது, தனித் தடத்துக்கும் கொஞ்சம் மின்சாரம் விட்டுக்கொண்டே இருக்கும். என்ஜினை ஓட்டியே அதற்குள் கொண்டு போனேன்.

அங்கே டிகோடரிடம் பெட்டி கேள்வி கேட்கும். உன் எண் மூன்றா? ஆமாம் என்றால் டிகோடர் மோட்டாரை ஒரு கணம் உதறும். என்ஜின் இருந்த இடத்திலேயே மயிரிழை துள்ளும். இல்லை என்றால் சும்மா இருக்கும். அவ்வளவுதான் அதன் பாஷை. ஆயிரம் என்ஜின்களிடம் நான் இப்படிப் பேசியிருக்கிறேன்.

நான் இன்னும் பொத்தானை அமுக்கவில்லை.

என்ஜின் உதறியது.

"அண்ணே!" என்றது போன். "அம்மா கை அசைஞ்சுது!"

தலைவர் நிமிர்ந்தார். அந்த முகத்தை நான் என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். மேசை மேல் குனிந்து, கன்னம் தண்டவாளத்தைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்து, கிசுகிசுத்தார்.

"நான் பேசுறது கேக்குதாம்மா?"

உதறல்.

"நான்தான். தெரியுதா?"

உதறல்.

அவர் சிரித்தார், அழுதார். என்னைப் பார்த்து, "பேசுறா தம்பி!" என்றார். பிறகு குரல் இறங்கியது.

"வலிக்குதா?"

உதறல். கொஞ்சம் பலமாக.

"அன்னிக்கு... நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சுட்டியா?"

என்ஜின் அசையவில்லை.

நாங்கள் காத்திருந்தோம். "சரி" என்றார். "அது சரிதான்." இன்னொரு கேள்விக்கு அவர் வாயெடுத்தார். அது என்ன என்று எனக்குத் தெரியும். கேட்காதீர்கள் என்று சொல்ல நினைத்தேன். இந்தத் தடவையும் வாய் வரவில்லை.

"போகணு..."

முடிக்கவில்லை. என்ஜின் உதறியது. மறுபடி. மறுபடி. நிற்காமல், தண்டவாளத்தை விட்டு எகிறும் அளவுக்கு, பித்தளை தகரமாகக் கடகடக்க.

"ஐயா, என்ன பண்றீங்க!" போனில் நர்ஸம்மா அழுதார். "அம்மா கட்டிலே ஆடுது! கண்ணுலேர்ந்து தண்ணியா ஊத்துது!"

"சரிம்மா, சரி, சரி" என்று அவர் உள்ளங்கையால் என்ஜினைப் பொத்தினார். அது அடங்கியது.

கையை எடுத்தார். பிறகு, வாழ்நாளில் முதல் தடவையாக, யாரையும் கலந்துகொள்ளாமல், யாருக்கும் அறிவிக்காமல், ஒரு காரியம் செய்தார். முட்டி போட்டு மேசைக்கு அடியில் நுழைந்தார். அவ்வளவு பெரிய உடம்பு, தவழ்ந்து போனது. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார்.

ஸ்டேஷன் விளக்குகள் அணைந்தன. பெட்டியின் திரை கறுத்தது.

"போயிட்டு வாம்மா" என்றார் மேசைக்கு அடியிலிருந்து.

நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து விநாடி. இருபது. ஒரு நிமிஷம்.

"ஐயா" என்றார் நர்ஸம்மா, மிக மெதுவாக. "நிறுத்திட்டீங்களா?"

"நிறுத்திட்டேன்."

"இல்லையே. மூச்சு ஓடுதே."

தனித் தடத்தில் என்ஜின் உதறியது.

நான் அதைக் கையில் எடுத்தேன். தண்டவாளம் இல்லை, மின்சாரம் இல்லை. என் உள்ளங்கையில், கொப்புளத்தின் மேல், பிடிபட்ட குருவி மாதிரி உதறியது. கத்தரியை எடுத்து டிகோடர் கம்பிகள் நான்கையும் வெட்டினேன். நான் வைத்த சில்லைப் பிடுங்கி வெளியே போட்டேன்.

"ஓடுது" என்றது போன்.

மோட்டாரைக் கழற்றினேன். சுருளை உருவினேன், காந்தத்தைத் தட்டி எடுத்தேன்.

"ஓடுது அண்ணே."

சக்கரங்கள், அச்சுகள், புகைபோக்கி. அக்கா இருபத்திரண்டு வயதில் ஒவ்வொன்றாகச் சேர்த்ததை நான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கடைசித் திருகாணி வரை பிரித்துச் செய்தித்தாளில் பரப்பினேன். முப்பத்தேழு துண்டுகள். திரை ஓரத்தில் வெயில் மஞ்சளாகிச் சிவந்து போனது. போனில் மட்டும் அந்த நீள மூச்சு, உள்ளே, வெளியே.

மேசைக்கு அடியிலிருந்து தலைவர் வெளியே வந்தார். முட்டியெல்லாம் தூசி. செய்தித்தாளின் முன்னால் உட்கார்ந்து, எதைப் பார்த்துப் பேசுவது என்று தெரியாமல், எல்லாத் துண்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"விட்டுட்டேனேம்மா" என்றார். "இன்னும் போக முடியலையா?"

முப்பத்தேழு துண்டுகளும் ஒன்றாக ஒரு தடவை உதறின.